கடைசி வரை கேட்ட காளைக் கதை

சென்ற வாரமும் அப்படித்தான். எங்கே வலி என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். திட்டக்கூடத் தெம்பில்லை. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது அத்தையின் நினைவு வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சேலத்தில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பொறுமை என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. வார்டில் ஒரு கிழவியிடம், "சுருக்காச் சொல்லுங்க" என்று எரிந்து விழுந்து டீச்சரிடம் மாட்டிக்கொண்டாள். அந்த டீச்சர் கொடுத்த தண்டனையே விசித்திரம். லீவு முடிவதற்குள் யாராவது ஒருவருடைய கதையை, நடுவில் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டுவந்து, அவராகவே மாறி "நான்" என்று வகுப்பில் சொல்ல வேண்டும். தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கே வீட்டிலோ, போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்கத் தயாராக இருந்தார்கள். அத்தைக்கு அந்தப் பேச்சே வேப்பங்காய்.

பொங்கல் லீவில் வந்தவள், தன் மூத்த அண்ணனான என் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவிடம் இருந்தது ஒரே கதை. தம்மம்பட்டிப் பக்கம் வாங்கிய காளையை ஓட்டிவரும்போது அது ஓடைச் சேற்றில் சிக்கிய கதை. அவர் வாயைத் திறந்தாலே அப்பா, "தெரியுமுங்கண்ணா" என்று எழுந்துவிடுவார். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள்.

அன்று மத்தியானம் அத்தை "உம்" கொட்டினாள். குறுக்கே பேச வாய் துறுதுறுத்தபோதெல்லாம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் மடியில் படுத்திருந்தேன். ஓடை வந்தது, சேறு வந்தது, எல்லோரும் எழுந்துபோகும் இடமும் வந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை.

"கயித்தப் புடிச்சு இழுத்தேன் பாரு சாமி, அப்பத்தான் நெஞ்சுல சுருக்குன்னுச்சு. அது இன்னும் உட்டபாடில்ல. இப்பெல்லாம் படுத்தா மூச்சே வாரதில்ல. அதச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறேன். நீங்கதான் எந்திரிச்சுப் போயர்றீங்க."

"உம்" நின்றுவிட்டது. அத்தை அவருடைய வீங்கிய பாதத்தை விரலால் அமுக்கினாள். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு குழி போட்டுப் பார்த்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே பெரியப்பாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். நான் ஜன்னலுக்குக் கீழே எக்கி நின்று, "காளை கரையேறுச்சுங்களா பெரியப்பா?" என்று கத்தினேன்.

"வந்து சொல்றேன் சாமி."

காளை கரையேறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கதைதான் கிடைத்துவிட்டதே, டீச்சரிடம் சொல்லிவிட்டால் ரிக் வண்டிக்காரரிடமிருந்து தப்பித்துவிடலாமே, இவள் எதற்கு அழுகிறாள் என்று, கரும்பைக் கடித்துக்கொண்டே நான் யோசித்தேன்.