பதினாறு வீட்டுக்கு ஒரு கிரைண்டர்

பீளமேட்டில் நான் குடியிருந்த தெருவுக்கு ஒரு பக்கம்தான் வீடுகள். மறுபக்கம் முழுக்க மில் மதில். வீடுகள் மொத்தம் பதினாறு. முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்னால் சமையல்கட்டு என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கல்யாணமாகி அங்கே வந்த முதல் வாரம், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடிய மெஷின்களின் இரைச்சல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தலைவலித் தைலமும் கையுமாகத் திரிந்தேன். இரண்டாவது வாரம் அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுவிட்டது. பிறகு அப்படி ஒரு சத்தம் இருப்பதையே மறந்துபோனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தவணைக்குச் சாமான் கொடுப்பவர்கள் டெம்போவில் வந்து இறங்குவார்கள். ஒரு நாள் அப்படி ஒருவர் கிரைண்டரோடு வந்து, தெருக்குழாயடியில் நின்ற எங்கள் எல்லோருக்கும் அதன் பெருமையை விளக்கினார். ஆளுக்கு ஒன்று எழுதிக்கொள்ளட்டுமா என்று நோட்டைத் திறந்தார். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் குறையவில்லை என்பது என் வீட்டுக்காரர் கருத்து.

"ஏனுங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ மாவாட்டறதுக்குப் பதினாறு ஊட்டுக்குப் பதினாறு கிரைண்டருங்களா? மிச்ச நேரமெல்லாம் அது என்னங்க பண்ணும், உக்காந்து டிவி பாக்குமா?" என்றேன்.

குழாயடியே சிரித்தது. டெம்போக்காரரும் சிரித்தார். ஆனால் மூன்றாவது வீட்டு அக்கா மட்டும் சிரிக்காமல், "அம்மணி சொல்றது நெசந்தானுங்களே" என்றார். "ஒண்ணு வாங்கி எல்லாரும் ஆட்டிக்கலாமுங். எங்கூட்டு முன்னறை சும்மாதான் கெடக்குது."

அக்காவின் ஒரே மகளைச் சென்னிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் கணவர் எதிர் மில்லில்தான் வேலை பார்த்தார். பல வருடங்களாக ராத்திரி ஷிப்ட்தான். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் அவர் இருப்பதே தெரியாது. ஆகவே எல்லோரும் சேர்ந்து வாங்கிய கிரைண்டர் அக்கா வீட்டு முன்னறைக்குப் போனது. அவர்கள் வீட்டு மீட்டரில் ஓடினாலும் கரண்டு தெருவின் பொறுப்பு என்று முடிவானது.

நான் அப்போது தபால் வழியில் படித்துக்கொண்டிருந்ததால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் விதிகளை எழுதி அக்கா வீட்டுச் சுவரில் ஒட்டினேன். முதல் விதி: தெருவில் ஒன்று இருக்கிற சாமானை யாரும் இரண்டாவதாக வாங்கக் கூடாது. அதை எழுதிய கை என்னுடையது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கிரைண்டரோடு நிற்கவில்லை. ஏணி ஒரு வீட்டில், தையல் மெஷின் ஒரு வீட்டில், தீபாவளி நோம்பிக்குப் பலகாரம் சுடும் பெரிய வாணலி எங்கள் வீட்டில். காய்கறித் தோலைக் கொட்டத் தெருக்கோடியில் ஒரு குழி வெட்டினோம். அதில் மக்கியதை வாரிப் போட்டு மதிலோரம் வளர்த்த முருங்கையும் அவரையும் காய்த்துத் தள்ளின. கிழிந்த வேட்டிகள் மளிகைப் பைகளாயின. கிரைண்டர் கழுவிய தண்ணீரைக்கூடச் சாக்கடையில் விடமாட்டோம். அது கடைசி வீட்டு மாட்டின் கழுநீர்ப் பானைக்குப் போகும். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்குக் கஞ்சத் தெரு என்று பெயர் வைத்தார்கள். மகராசிகள் எங்கள் ஏணியைக் கேட்டு வரும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள்.

புதனும் ஞாயிறும் மாவு நாள். காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டு முன்னறையில் ஊறிய அரிசிப் பாத்திரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். வந்ததெல்லாம் சரி, முதலில் ஆட்டுவது யார்?

"நீங்க மொதல்ல ஆட்டிக்கங்க."

"ஐயோ, எனக்கென்னங் அவசரம்? நீங்க ஆட்டுங்க."

"அவுங்களுக்குத்தானுங்க வேலையிருக்கு. அவுங்க ஆட்டட்டும்."

எங்கள் ஊர் மரியாதை அப்படி. விட்டால் உளுந்து புளித்துப்போகும் வரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்போம். அக்காதான் ஒன்றும் பேசாமல் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தை எடுத்துக் கல்லில் கவிழ்ப்பார். அதோடு சண்டை தீரும். பிறகு கல் ஓட ஓட நாங்கள் பேசுவோம். சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசுவோம். எல்லார் வீட்டு மாமியாரும் அங்கே அரைபடுவார்கள். அக்கா வரக்காப்பி போட்டுத் தருவார். அந்த முன்னறையில் கால் நீட்டக்கூட இடம் இருக்காது. இன்று என் வீட்டில் ஹாலே அந்த முழு வீட்டின் அளவுக்கு இருக்கிறது, பேச ஆள் இல்லை. அந்த நெருக்கடிக்காக மனம் அப்படி ஏங்குகிறது.

பிறகு மில்லை மூடினார்கள். ஒரு நாள் காலை கேட்டில் பூட்டு தொங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. அன்று முழுக்க எங்களுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரம் என் சமையல்கட்டில் கேட்டது. சாமான் கழுவினால் தெருவே திரும்பிப் பார்த்தது. நான்கைந்து நாளில் அந்த அமைதியும் பழகிவிட்டது. சாப்பாட்டுக் கவலை முன்னால் நிற்கும்போது சத்தத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? இளவட்டங்கள் பவுண்டரிகளுக்கும் மோட்டார் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அக்காவின் கணவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் வீட்டிலேயே இருந்தார்.

ஒரு புதன்கிழமை நாங்கள் ஆட்டிக்கொண்டிருந்தபோது நடு அறைக் கதவு திறந்திருந்தது. எப்போதும் சாத்தியிருக்கும் கதவு. உள்ளே அவர் வெறுந்தரையில், முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். என் கையிலிருந்து கிரைண்டர் மூடி நழுவித் தரையில் விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. அவர் அசையவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வேலை போன மனுஷன் மனசு வெறுத்துப் படுத்திருக்கிறார். அவர் தலைமாட்டில் கல்லை ஓட்டிக்கொண்டு நாங்கள் கெக்கேபிக்கே என்று சிரிக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லாமல், எழுந்து உட்காரக்கூட இல்லாமல், அவர் பொறுத்துக்கொள்கிறார். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். மற்றவர்களும் பார்த்தார்கள். அன்றைக்கு எல்லோரும் குசுகுசுவென்று பேசினோம், அதுவும் ஓடுகிற கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு. எங்கள் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அப்போது மேடைமேல் வைக்கிற சின்னக் கிரைண்டர் புதிதாக வந்திருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆட்டுவேன். முதல் விதியை எழுதியவளே முதலில் மீறினாள். ஆனால் மனசில் ஒன்றும் உறுத்தவில்லை. ஒரு பாவப்பட்ட மனுஷனுக்கு நல்லது செய்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா வாசலில் நின்று கேட்பார். "ஏனுங்கம்மணி, அரிசி ஊறப்போடலீங்களா?"

"இந்த வாரம் அவருக்கு வயிறு சரியில்லீங் அக்கா. இட்லி ஒத்துக்கறதில்ல."

"செரீங்."

அடுத்த வாரம் வேறு காரணம் சொல்வேன். அதற்கும் அவர் "செரீங்" என்பார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தெருவில் நடந்து போகும்போதுதான் கவனித்தேன். நாலைந்து வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து என் வீட்டுக் கிரைண்டர் மாதிரியே மெல்லிய சத்தம் வந்தது. அந்த வீட்டுப் பெண்களைப் பிறகு பார்த்தபோது அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வருடம் முடிவதற்குள் தெருவில் இரண்டாவது ஏணி வந்தது, இரண்டாவது தையல் மெஷின் வந்தது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்திக்கொண்டோம்.

அதற்கடுத்த வருடம் அக்கா வீட்டைக் காலி செய்தார். சென்னிமலையில் மகள் வீட்டுப் பக்கமே போய்விடுவதாகச் சொன்னார். வாசலில் லாரி நின்றது. சாமான்கள் ஏறியபின், வெறும் முன்னறையில் அந்தப் பெரிய கிரைண்டர் மட்டும் மிச்சம் இருந்தது. வழியனுப்ப வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி நின்றோம்.

"இது தெருவோடதுங்க. யாரூட்டுல வெக்கறதுன்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒன்று இருப்பது அந்த மௌனத்தில் வெளியே வந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்கு நின்ற இடத்தில் உடம்பு கூசியது.

"மாமா படுத்திருக்கறப்ப நாம சத்தம் போடக் கூடாதுன்னுதானுங்க அக்கா, ஆளாளுக்கு வாங்கிப்போட்டோம். வேற ஒண்ணுமில்லீங்" என்றேன்.

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மில்லு நின்னதுல இருந்து அவருக்குத் தூக்கமே போச்சுங் அம்மணி" என்றார். "இருவத்தஞ்சு வருசம் பகல்ல அந்த மெசினுச் சத்தத்துலயே படுத்துத் தூங்குன ஆளு. அது நின்னதும் கண்ணு மூடறதில்லீங். ராத்திரியும் பகலும் கொட்டக்கொட்ட முழிச்சுட்டுக் கெடப்பாரு. நீங்கல்லாம் வந்து ஆட்டறப்பத்தான் ரெண்டு மூணு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவாரு. சத்தம் நல்லா கேக்கட்டும்னுதானுங்க அந்தக் கதவத் தொறந்து வெச்சேன்."

அக்காவின் கையைப் பிடித்தேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா அக்கா?"

"எப்படீங் கேக்கறது? எங்கூட்டுக்காரரு தூங்கோணும், வந்து மாவாட்டுங்கன்னுங்களா?"

"நீங்களாவது சும்மா ஓட்டி விட்டிருக்கலாமில்லீங்?"

அக்கா சுவரைக் காட்டினார். சாமான் எல்லாம் போனபிறகும் என் காலண்டர் தாள் அங்கேயே இருந்தது. "வெறுங்கல்ல ஓட்டக் கூடாது, கரண்டு வீணுன்னு நீங்கதானுங்க எழுதி வெச்சிருக்கீங்க. எங்கூட்டுத் தூக்கத்துக்குத் தெருக் கரண்ட எரிக்கறதுங்களா?"

அதைக் குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவராக இருந்தால் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பார். நாங்கள் எழுதிய விதிகளை அந்தத் தெருவில் கடைசிவரை காப்பாற்றியது அவர் ஒருத்தர்தான். அதற்காக அவர் வீட்டில் ஒரு மனுஷன் தூங்காமல் கிடந்திருக்கிறார். இவ்வளவு வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு ஆறவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பாத்திரத்தோடு எடுத்து வந்தேன். "அக்கா, ஒருக்கா ஆட்டிக்கறனுங்க" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அரிசியைக் கல்லில் கவிழ்த்துச் சுவிட்சைப் போட்டேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தோடு திரும்பினார்கள். நீங்க மொதல்ல, நீங்க மொதல்ல என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அக்காவின் கணவர் வாசலில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கல் ஓடத் தொடங்கியதும் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு தலையசைப்பு. நடு அறையில் பாய்கூட இல்லை. துண்டை உதறித் தரையில் விரித்துப் படுத்தார். இரண்டாவது ஈடு உளுந்து போடுவதற்குள் குறட்டை கேட்டது.

டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். அக்கா வெளியே போய் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு ஹாரன் கேட்கவில்லை. ஒரு பாத்திரம் முடிவதற்குள் அடுத்த பாத்திரத்தைப் போட்டோம். இடையில் கல் நிற்க விடவில்லை. அக்கா கதவோரம் உட்கார்ந்து, தூங்குகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வீட்டு மாவும் ஆட்டி முடிந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இனிமேல் போட ஒன்றுமில்லை.

"போதுமுங்க அம்மணி. லாரிக்காரரு எத்தன நேரந்தான் நிப்பாரு" என்றார் அக்கா.

யாரும் சுவிட்சுக்குக் கை கொண்டுபோகவில்லை. கடைசியில் நான்தான் அணைத்தேன். கல் நின்ற அடுத்த நொடி அவர் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டார்.

"ஏனுங்க, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்களா?"