நூற்றைம்பது சதவீதம்

பல்லாவரத்தில் தோல் கைப்பைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் நான் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு பைக்கு எத்தனை துண்டு, ஒவ்வொரு துண்டும் என்ன அளவு, தையலுக்காக ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர் விடவேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கம்பெனியில் சொல்வார்கள். வேலையில் குறை சொன்னவர் கிடையாது. போன வருஷம் அந்தப் பெருமைக்கும் ஆபத்து வந்தது.

எங்களுக்குப் புது மானிட்டர் வந்திருந்தது. பழையதில் திரை முழுக்கக் கீறல். அதற்குக் காரணம் நாங்கள்தான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வரைந்ததைத் திரையில் நிஜ அளவில் காட்டச் சொல்லிவிட்டு, அதே துண்டுக்கு அளந்து வெட்டிவைத்த அட்டையை அப்படியே திரைமேல் வைத்துப் பார்ப்போம். கோடும் அட்டை ஓரமும் ஒத்துப்போனால்தான் மனசு ஆறும். புது மானிட்டரைப் பிரித்து வைத்த அன்றே முதலாளி, "பாய், இதுல அட்டைய வச்சித் தேய்ச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டார். சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எழுத்துதான் வம்பு. மெனுவில் இருந்த சொற்களெல்லாம் கடுகு போலக் கிடந்தன. அளவு போடும் கட்டத்தில் இருப்பது மூன்றா எட்டா என்று தெரிந்துகொள்ள, மூக்கு திரையில் முட்டும்வரை குனியவேண்டியிருந்தது. அந்த மெஷினில் வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான், அதனால் வேறு யாரையும் கேட்கவும் வழியில்லை.

வேறு ஆளாக இருந்தால் மானிட்டரைத் திட்டியிருப்பான். நான் என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். என்னைப் பெற்ற அத்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் கண்ணில் அழுத்தம் கூடி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணும் போனது. எனக்கு ஐம்பத்தொன்று. நம் முறை வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கண் போனால் வேலை போகும், வேறு வேலை எனக்குத் தெரியாது. வீட்டில் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் சாப்பிடாமல் கிடப்பாள்.

தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் ரகசியமாகப் போனேன். சொட்டு மருந்து விட்டு, எதையெதையோ வைத்துப் பார்த்துவிட்டு, அழுத்தமெல்லாம் சரியாக இருக்கிறது, படிக்கிற பவர்தான் துளி கூடியிருக்கிறது என்றார். கண்ணாடியை மாற்றினேன். மறுநாளும் கடுகு கடுகாகவே இருந்தது. உடனே டாக்டர்மேல் கோபம் வந்தது. குன்றத்தூரில் இன்னொருவரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத அந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். பயம் வந்துவிட்டால் என் மூளை அந்த லட்சணத்தில்தான் ஓடும்.

ஒன்றரை மாதம் ஒப்பேற்றினேன். மெனுவைப் படிக்காமல், எது எங்கே இருக்கும் என்ற ஞாபகத்தை வைத்தே அழுத்தினேன். எண் சந்தேகமாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருநாள் பார்க்காமல் விட்டேன். அன்றைக்குப் பார்த்து, ஒரு தோள்பையின் பக்கத் துண்டுக்கு ஓரத்தில் எட்டு மில்லிமீட்டர் விடவேண்டிய இடத்தில் மூன்று விழுந்திருந்தது. சாம்பிள் தைக்கிறவர் பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தையல் நிற்க ஓரமில்லாமல் பக்கம் பிரிந்து கிடந்தது.

"இன்னா மாஸ்டர், தைக்க எடமே இல்லாம குட்துகிறீங்க" என்றார். அவர் சண்டைக்கு வரவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று எழுந்தேன்.

எழுந்த நேரத்தில் ஆர்டர்களைக் கவனிக்கிற பெண் உள்ளே வந்தாள். பொழிச்சலூரிலிருந்து வருகிறவள், இருபத்தைந்து வயதிருக்கும். அந்த சாம்பிளை அன்றைக்கே அனுப்பவேண்டிய பொறுப்பு அவளுடையது. எந்த அளவில் தப்பு என்று தானே பார்ப்பதாகச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். அவள் மூக்கும் திரையை முட்டியது.

"எப்படிண்ணா இதுல வேலை செய்றீங்க? எனக்கே ஒண்ணும் தெரியல."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முதலாளியின் உத்தரவெல்லாம் காற்றோடு போயிற்று. மேசையில் கிடந்த அந்தத் துண்டின் அட்டையை எடுத்தேன். நிஜ அளவு பட்டனை அழுத்தி, அட்டையைத் திரைமேல் வைத்தேன். திரையில் இருந்த துண்டு அட்டையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. அந்த அட்டை ஸ்டீல் ஸ்கேலில் நானே அளந்து வெட்டியது. அது சுருங்காது, சுருக்கிக் காட்டியது திரைதான். பழைய திரையைவிடப் புள்ளிகள் நெருக்கி வைத்த திரை இது, அதனால் எழுத்தும் பட்டனும் எல்லாமே சின்னதாக விழுகின்றன. முதல் நாளே அட்டையை வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் என்னவோ நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

தன் லேப்டாப் வாங்கிய புதிதில் இப்படித்தான் இருந்தது என்றாள் அந்தப் பெண். செட்டிங்ஸில் நூறு சதவீதம் என்று இருந்ததை நூற்றைம்பது ஆக்கினாள். மற்றதெல்லாம் பெரிதானது, எங்கள் பேட்டர்ன் புரோகிராம் மட்டும் அசையவில்லை. பழைய புரோகிராம், என்னைப் போலவே பிடிவாதம் பிடித்தது. அவளும் விடவில்லை. அதன் ஐகானை ரைட் க்ளிக் செய்து, உள்ளே எங்கேயோ போய், பெரிதாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு டிக் போட்டாள். மூடித் திறந்தாள். எழுத்தின் ஓரம் லேசாக மங்கியிருந்தது. ஆனால் எட்டு எட்டாக இருந்தது, மூன்று மூன்றாக இருந்தது. முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு மெனுவாகப் படித்தேன். அந்தச் சின்னப் பெண் முன்னால் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

சாயங்காலம் முதலாளியிடம் தப்பை ஒத்துக்கொண்டேன். இனி அட்டை வைக்காமல் வேலை செய்யமாட்டேன் என்றும் சேர்த்தே சொன்னேன். திரையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. துணி துவைக்கும்போது என் சட்டைப் பையில் டாக்டர் சீட்டு கிடைத்ததாம். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம். ஒரு மாதத்துக்கு மேலாக எப்படி அதை மனசில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

"சும்மா எங்கங்க இருந்தேன்? பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டேன். உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சுன்னா யாரு உங்கள கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறது?"

கண் போனால் எல்லாம் போச்சு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவளோ, கண் போன பிறகும் நான் கம்பெனிக்குப் போவேன் என்று முடிவு கட்டி, அதற்கு வண்டி ஓட்டவும் பழகியிருக்கிறாள்.

மறுநாள் காலை என் ஸ்கூட்டர் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக் கூட்டம் ரோடு வரை வந்திருந்தது. அவள் நிதானமாக ஓட்டினாள். நான் வழியில் இருந்த கடைப் பலகை ஒன்றுவிடாமல் உரக்கப் படித்துக்கொண்டே போனேன்.

"கொஞ்சம் சும்மா வாங்க," என்றாள், "நான் ரோட்டப் பாக்கணும்."