முழுத் தேர்ச்சிப் பலகை

எங்கள் பக்கத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வேதக்கோயில் பள்ளிக்கூடம் என்று பேர். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் அங்கே கிடக்கிற மண்ணில் எங்கள் கை உண்டு. முதலில் அது வாய்க்கால் ஓரத்துக் கீற்றுக்கொட்டகை. தரை தாழ்வு, மழைக்குத் தண்ணீர் ஏறிவிடும். மேடாக்க மண் சுமந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அந்தக் கொட்டகையில் மூன்றாம் வகுப்பு வரை நான் இருந்தேன். பிறகு நாற்றுப் பறிக்கப் போய்விட்டேன்.

கொட்டகை ஓட்டுக் கட்டடமானது. பிறகு மாடி வந்தது. ஹைஸ்கூல் என்று எழுதினார்கள். ஆட்சி மாறியபோது தலைமையாசிரியை அறையில் முதலமைச்சர் படம் மாறியது. மாதா படம் மாறவில்லை. பாபநாசத்திலிருந்தெல்லாம் பெண்களைக் கொண்டுவந்து போர்டிங்கில் விட்டார்கள். மிராசுதார் வீட்டுப் பெண்கள் வில்வண்டியில் வந்து இறங்குவார்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில்தான் என் மகளும் உட்கார்ந்தாள். மிராசுதார்கள் அதைப் பொறுத்துக்கொண்டது பலகைக்காக.

வாசலில் அந்தப் பலகை இருந்தது. கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. வருஷத்தைப் போட்டு எதிரே ‘முழுத் தேர்ச்சி’ என்று எழுதுவார்கள். பதினோராம் வகுப்பு சர்க்கார் பரீட்சை எழுதியவர்களில் ஒருத்தியும் தோற்கவில்லை என்று அர்த்தம். மேலிருந்து கீழ்வரை அதேதான்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களிலும் உண்டு. தை மாதம் செலக்‌ஷன் என்று ஒரு பரீட்சை வைப்பார்கள். அதில் தேறியவளைத்தான் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவார்கள். தேறாதவளை நிறுத்திவிடுவார்கள். அவள் அடுத்த வருஷம் அதே வகுப்பில் உட்கார வேண்டும். எங்கள் தெருவில் அப்படி யாரும் திரும்பப் போய் உட்கார்ந்ததில்லை. என் பக்கத்தில் நின்று நடவு நட்டார்கள்.

பரீட்சை எழுதித் தோற்றவள் கதை வேறு. ‘எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்’ என்பதே அப்போது ஒரு படிப்பு. கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டார்கள். சின்னச் சின்ன வேலைக்கு அது போதும். நிறுத்தப்பட்டவளுக்கு அந்தப் பேரும் கிடையாது.

என் மகள் பதினோராம் வகுப்பில் இருந்த வருஷம், கூலி நெல் கூட்டிக் கேட்டு சங்கம் வேலையை நிறுத்தியது. சம்பா விளைந்து தலை சாய்ந்து நின்றது. மிராசுதார்கள் வெளியூர் ஆள் இறக்கினார்கள். திருவாரூர்ப் பக்கம் அடிதடி என்று கேள்விப்பட்டோம். எங்கள் ஊருக்கும் போலீஸ் வேன் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் வயல் இருந்தது. போர்டிங் பெண்கள் சாப்பிடுவது அந்த நெல்தான். அதில் மட்டும் அறுக்க இறங்குவதா வேண்டாமா என்று சங்கத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை வாய்க்கால் கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கரையோடு ஓடிவந்தாள்.

“அத்தாச்சி, பள்ளிக்கூடத்துல நிறுத்தியாச்சாம்!”

வேறொன்றும் கேட்கவில்லை. ஓடினேன்.

வாசலில் ஒரு போலீஸ்காரர் குறுக்கே வந்தார்.

“ஏய், அருவாள கீழ போடு!”

கையில் அருவாள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. போட்டேன்.

“ஒத்தப் பொம்பளையாவா வந்தே? பின்னால எத்தன பேரு வர்றாங்க?”

“யாரும் வரலிங்கய்யா. எம் மவள நிறுத்திட்டாங்க.”

“எந்த ஸ்டேஷன்ல?” என்றார்.

சத்தம் கேட்டு மதர் வெளியே வந்தார். தலைமையாசிரியை அவர்தான். கணக்கும் அவரே எடுத்தார். சிரித்துப் பார்த்ததில்லை.

“எம் மவள நிறுத்திட்டீங்களாமே மதர்.”

“யார் சொன்னா? இன்னும் முடிவே பண்ணல. நீங்கதான் எங்க வயல நிறுத்தியிருக்கீங்க. காலைல சங்கத்து ஆளுங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க.”

பக்கத்து வீட்டுக்காரி சொன்னது அதைத்தான். போலீஸ்காரர் சிரித்துவிட்டார். “புல்லு அறுக்கற அருவாளுக்கா நான் பயந்தேன்” என்று எடுத்துக் கொடுத்தார். மதர் சிரிக்கவில்லை.

“வந்தது வந்துட்டே. உள்ள வா.”

அறையில் இருவரும் நின்றோம்.

“கணக்கு திருத்தியாச்சு. முப்பத்தஞ்சு வேணும். உன் மக இருபத்தெட்டு.”

பள்ளிக்கூட வயலைப் பார்க்கும் காரியஸ்தர் கதவோரம் நின்றிருந்தார். அவர் இடம் பார்த்துப் பேச்சில் நுழைந்தார்.

“ஏம்மா, நாளைக்கு உங்க தெருவுலேர்ந்து நாலு பேர வயல்ல எறக்கு. மத்தத மதர் பாத்துக்குவாங்க.”

“வயலு சங்கத்துப் பேச்சுங்க. நான் தனியா எறங்க மாட்டேன். புள்ள பேச்சு வேற.”

“வேறதான்” என்றார் மதர். காரியஸ்தரை வெளியே இருக்கச் சொன்னார்.

பிறகு என்னிடம் கேட்டார். “அவள அனுப்பி அவ தோத்தா பலகை என்னாகும், தெரியுமா?”

“தெரியும் மதர்.”

“இன்னொரு வருஷம் இருந்து படிக்கட்டுமே.”

“இருக்க மாட்டா. நிறுத்துனா நடவுக்குத்தான் வருவா. அனுப்புங்க. தோத்தாலும் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலு.”

“ஃபெயிலாக அனுப்புங்கன்னு ஒருத்தி கேட்டு இப்பதான் பாக்கறேன்.”

ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுக்காத வயல். போகச் சொன்னார். போனேன்.

அனுப்புகிறவர்கள் பேரை வாசித்தபோது என் மகள் பேர் கடைசி. அன்றிலிருந்து சாயங்காலம் அவளை இருக்கவைத்துக் கணக்குப் போடச் சொன்னார் மதர். கொஞ்சம் நெல் கூட்டிக் கொடுக்க மிராசுதார்கள் ஒப்பினார்கள். வேலை நிறுத்தம் முடிந்தது. பள்ளிக்கூட வயலையும் அறுத்தோம். நாள் தப்பியதால் மணி நிறைய உதிர்ந்துவிட்டது. அந்த வருஷம் போர்டிங்கில் ராத்திரி கஞ்சிதான் என்று மகள் சொன்னாள். மதர் அதை வைத்து என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ரிசல்ட் வந்தது. அவள் நம்பர் பேப்பரில் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்தியுடையது மட்டும்தான் இல்லை. சாப்பிடாமல் கிடந்தாள். மார்க் வந்ததும் நான்தான் கூட்டிப்போனேன்.

“கணக்கு எத்தன?” என்றார் மதர்.

“முப்பத்திரண்டு.”

“ஏறித்தான் இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

அந்த எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலை வைத்துத்தான் பிற்பாடு பால்வாடியில் வேலை வாங்கினாள்.

பலகை எழுத ஆள் வந்த அன்று நான் பள்ளிக்கூடத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். வருஷத்தை எழுதிவிட்டுப் பிரஷ்ஷோடு நின்றான்.

“எதிர்ல என்ன போடறது மதர்?”

“ஒண்ணும் போடாத. வருஷம் மட்டும் இருக்கட்டும்.”

அப்படியே இருக்கிறது. மதர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நான் அந்த வழியாகப் போனால் பலகையைப் பார்க்காமல் போவதில்லை. எதிரே ஒன்றுமில்லாத வரியில் என் மகள் இருக்கிறாள். முழுத் தேர்ச்சி என்று எழுதிய வரிகளில் யார் யார் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களோடுதான் நான் நடவு நட்டேன்.