அலுமாரிக்குள் நம்பர் பிளேட்

பக்கத்து வீட்டு நதானியேல் மாஸ்டர் எதையும் கனடாவிலுள்ள தமக்கையைக் கேட்டுத்தான் செய்வார். காரை விற்கும்போதும் கேட்டார். “நம்பர் பிளேட் ஆளுக்குத்தான் சொந்தம். கழட்டி வை,” என்றார் தமக்கை. மாஸ்டர் இரண்டையும் கழற்றி அலுமாரிக்குள் பூட்டினார்.

காரை வாங்கிய கிருஷாந் அவசரத்தில் கவனிக்காமல் ஓட்டிப்போனான். அரைமணியில் ஓட்டோவில் திரும்பிவந்து வாசல் படலையில் நின்று கத்தினான்.

“மாஸ்டர், உரும்பிராய்ச் சந்தியிலை பொலிஸ் மறிச்சிட்டுது! பிளேட் எங்கை?”

“அது என்ரையெல்லோ?”

“ஐயோ, உது கனடாவிலை! இஞ்சை இலங்கையிலை பிளேட் காரோடைதான் போகும்!”

மாஸ்டரின் மனைவி பொன்மலர் அலுமாரியைத் திறந்தார். “என்னைக் கட்டினதும் அக்காவைக் கேட்டுத்தான், தம்பி.”

சந்தியில் மாஸ்டர் குந்தியிருந்து காரில் பிளேட்டைப் பூட்டும்போது தமக்கை கைபேசியில் அழைத்தார்.

“கழட்டினியோ?”

“ஓம் அக்கா, அப்பவே கழட்டிப்போட்டன்,” என்றபடி கடைசித் திருகாணியையும் முறுக்கினார்.