கிறேஸ் அக்காவின் கதைகளில் செத்தவர்கள் திரும்புவதில்லை

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. கிறேஸ் அக்காவின் தம்பி மகன் ஜெயன். "அண்ணை, மாமி மோசம் போட்டா. விடியக்காலமை, நித்திரையிலையே உயிர் போட்டுது." நடுச்சந்தை என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சிரிப்பு. வட்டுக்கோட்டையில் சிரித்தால் சங்கானையில் கேட்கும் என்று பகிடி பண்ணுவோம். அப்படிச் சிரிக்கிற மனுசி பிள்ளைகளுக்கு எழுதிய கதைகளிலோ ஒரே சாவு! நாய் சாகும், கோழி சாகும், பெரியப்பா சாவார். "பிள்ளையளுக்கு ஏனப்பா சாவீட்டுக் கதை?" என்று புத்தகக்கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். பிள்ளைகளோ, தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்று சாவீட்டில் இரண்டு மாமாமார் சண்டை பிடிக்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தப் புத்தகங்களுக்குப் படம் கீறியவன் நான்.

முதற் புத்தகத்திலேயே எங்களுக்குள் பிரச்சினை. ஆட்டுக்குட்டி சாகிற பக்கத்தைக் கீற எனக்கு மனம் வரவில்லை. "காணாமல் போச்சுது எண்டு முடிப்பமே அக்கா" என்றேன்.

"காணாமல் போனா பிள்ளை தேடிக்கொண்டெல்லே இருக்கும்? எங்கடை ஊரிலை தேடுற ஆக்கள் போதும் தம்பி. செத்ததைச் செத்தது எண்டே கீறும்." சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடியே ஏசி முடித்த கையோடு பனங்காய்ப் பணியாரத்தையும் நீட்டினார். கீறிக் கொடுத்தேன்.

ஒருமுறை குருநகரில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கப் போயிருந்தோம். முடிந்ததும் ஷாலினி என்ற சிறுமி அக்காவின் சீலையைப் பிடித்து இழுத்தாள். "என்ரை அப்பா கனடாவிலை. எல்லாற்றை அப்பாவும் வாட்ஸப்பிலை கதைக்கினம். என்ரை அப்பா மட்டும் எடுக்கிறேல்லை. என்னோடை கோவமோ?"

விசாரித்தால், தகப்பன் கடலில் செத்துப்போயிருந்தார். எங்கள் பகுதியில் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் அல்லவா? 'கனடா போட்டார்' என்ற பொய் அவளிடம் நன்றாகவே எடுபட்டுவிட்டது.

அக்கா நேரே தாயிடம் போனார். "பிஞ்சு மனம் அக்கா, தாங்குமே?" என்று தாய் அழுதார்.

"தகப்பனுக்குத் தன்னோடை கோவம் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறாள். அதைத் தாங்கினவள் இதையும் தாங்குவாள். நீர் சொல்லும், நான் பக்கத்திலை இருக்கிறன்."

தாய் சொன்னார். பிள்ளை வீடே அதிரக் கத்தி அழுதாள். அக்கா தடுக்கவில்லை, தரையில் அமர்ந்து அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷாலினி கேட்டாள்: "அப்ப அப்பாவுக்கு என்னோடை கோவமில்லையோ?"

"உன்னோடை அவருக்கு எப்பவடி கோவம் வந்தது!" தாய் அவளை வாரிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை பசிக்குது என்றாள். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும் வழியில், "சேர்ச்சுக்குப் போற நீங்கள், யேசுவிட்டைப் போட்டார் எண்டு சொல்லலாமே?" என்று சீண்டினேன். "அதையும் சொல்லும். திரும்பி வரமாட்டினம் எண்டதையும் சேர்த்துச் சொல்லும்" என்றார் அக்கா.

சாவீட்டில் ஜெயனின் சின்னமகள் சவப்பெட்டியருகே நின்றாள். "கிறேஸ் அப்பம்மா எப்ப எழும்புவா?" என்றாள். பெரியவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் பதிலுக்கு அக்காவின் பக்கமே திரும்பினேன். பிறகு தரையில் அவளருகே அமர்ந்தேன்.

"எழும்பமாட்டா, குஞ்சு. செத்துப்போனா. இனி வரமாட்டா."

அவள் என்னையே பார்த்தாள். கண் நிரம்பியது. பிறகு கேட்டாள்: "அப்ப அவவின்ரை சாய்மனைக் கதிரை ஆருக்கு?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். "உனக்குத்தான்" என்றேன்.

கதிரை அவளுக்குப் போய்விட்டது, அக்கா. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லும் துணிவை நான் எடுத்துக்கொண்டேன்.