துரைக்கண்ணு சுத்தம் செய்த தோட்டம்

துரைக்கண்ணு மாமரங்களின் அடியில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்துக்கொண்டிருந்தார். திண்டிவனத்தின் அந்தப் பழைய பங்களாவில் இருபத்தாறு வருடமாக அவர்தான் தோட்டக்காரர். பெரிய மனிதர்கள் வந்தால் இப்படித்தான் அலங்கரிப்பார்.

இன்று வருவது கோட்டக்குப்பத்துப் பெண் மெஹருன்னிசா. சென்னையில் கட்டடக்கலை படிக்கிறாள். பழைய தோட்டங்களை அளந்து வரையும் மாணவர்களுக்கான உதவித்தொகை அவளுக்குக் கிடைத்திருந்தது. போன மாதம் வந்து பார்த்தபோது, "நான் வரையறதெல்லாம் புஸ்தகமா வரும். உங்க பேரும் அதுல வரும்ங்க" என்று சொல்லியிருந்தாள்.

வந்தவள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரோடு அவருடைய அறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"நட்சத்திரம் மாதிரி பாத்தி கட்டியிருந்த செங்கல்லுங்க எங்கங்க?"

"அதுவா? ஒடைஞ்சி, பாசி புடிச்சிக்கினு அசிங்கமா கெடந்துதும்மா. நோண்டிப் போட்டுட்டு நேர்வரப்பு கட்டிட்டேன். நீங்க வர்றீங்கன்னுதான் ஜல்தியா முடிச்சேன்."

"அதைத்தாங்க அளக்க வந்தேன். நூறு வருசத்துக் கட்டு அது."

அவர் கையில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. இருபத்தாறு வருடம் தொடாமல் விட்டிருந்த செங்கல். இன்னும் ஒரு வாரம் விட்டிருக்கலாம்.

"எல்லாம் கொல்லையிலதான் கெடக்குது. எது எங்க இருந்துச்சின்னு எனக்குத் தெரியும். அதே மாதிரி வச்சித் தர்றேன். செல்லாதாம்மா?"

மெஹருன்னிசா அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியேறி, கேட்டைத் தாண்டிப் போனாள்.