இடி வந்தால் மெயினை இறக்குகிறவர்

என் பெரியப்பா தங்கையா, புளத்கொகுபிட்டியவில் ஒரு பழைய தோட்டத்து பங்களாவின் காவல்காரர். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றதும், பெரியம்மா இராஜத்தோடு பங்களாவின் பின்னறையில் குடியேறிவிட்டார். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலிருந்த லயத்து வீடு மகனின் பிள்ளைகளுக்கே போதாது. காவல் வேலை போனால் அறையும் போகும்.

குவைத், சைப்ரஸ், துபாய் என்று வேலைக்காகச் சுற்றிவிட்டு 2007இல் நான் ஊர் திரும்பியபோது, பங்களாவை வாங்கியிருந்த கடை முதலாளி ஜனார்த்தனன் அதை நவீனமாக்கிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து வந்த மின்வேலைக்காரர் மர்சூக் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். அதன் பிறகு இருட்டினால் விளக்குகள் தாமாகவே எரிந்தன. தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் மோட்டார் நின்றது. முதலாளி காருக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்த, இரும்பு கேட் விலகியது. முழங்கால் வலியோடு மழையில் ஓடிய பெரியப்பாவுக்கு முதல் வாரம் ஒரே கொண்டாட்டம்.

“இனி நீங்க எதுக்கு? சோத்தையும் பெட்டிக்கே போடுறேன்” என்றார் பெரியம்மா.

“இடி இடிச்சா மெயினை இறக்க ஆள் வேணும்ல?”

எங்கள் பக்கத்தில் வானம் கறுத்தாலே வீட்டுக்கு வீடு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவோம். மர்சூக்கோ போகும்போது பெரியப்பாவிடம், “ஐயா, மெயின்ல மட்டும் கை வைக்காதீங்க. கேட்டும் அந்தக் கரண்டுலதான் ஓடுது” என்று சொல்லியிருந்தார்.

சித்திரை மாதத்து ஒரு பின்னேரம், நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, முதல் இடி விழுந்தது. பெரியப்பாவின் கை தானாகப் போய் மெயினை இறக்கியது. அதே நேரம் வெளியே ஹார்ன் சத்தம். முதலாளி காரைவிட்டு மழையில் இறங்கி நின்று பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தள்ளினேன். கேட் அசையவில்லை.

திரும்பி வந்து மெயினைப் போடக் கையை நீட்டினேன். பெரியப்பா இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“தொடாத புள்ள! இடிக்கிறப்போ போட்டா செத்துருவ!”

“முதலாளி நனையிறாரு பெரியப்பா!”

“தெரியுது... நான் என்னா செய்ய?”

அவர் பிடியை விடவில்லை. என்னாலும் உதறிக்கொள்ள முடியவில்லை.

முதலாளி மதிலேறிக் குதித்து வந்தார். சட்டை கிழிந்திருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“தங்கையாண்ணே, உங்களுக்கு வயசாகிருச்சு. மகனோட போய் இருங்க. இங்க எல்லாத்தையும் பெட்டியே பாத்துக்கும்.”

நான் கெஞ்சினேன். “நீங்க வெளிநாடு பாத்தவங்க, உங்களுக்குப் புரியும்” என்று அன்பாகவே சொன்னார்.

மறுவாரம் த்ரீவீலரில் சாமான்களை ஏற்றினோம். முதலாளி வராந்தாவில் நின்றே பொத்தானை அழுத்தினார். கேட் திறந்தது. வெளியே வந்ததும், “நிப்பாட்டு தம்பி, கேட்டைச் சாத்திட்டு வாறேன்” என்று ஓட்டுநரிடம் சொல்லிப் பெரியப்பா ஒரு காலைக் கீழே வைத்தார். அதற்குள் கேட் சாத்திக்கொண்டது.